முப்பதாயிரம் மேற்கோள் பெரிதா, ஆயிரத்து எண்ணூறு பெரிதா?

ஐயா,

மனித மனம் எப்படி அறிகிறது என்று ஆராயும் அறிதிறன் அறிவியலில், அதுவும் தரவுகளைப் படமாகக் காட்டும் தரவுக் காட்சிப்படுத்தலில், முனைவர் பட்ட ஆய்வு செய்ய உங்கள் மகள் இரண்டு பேராசிரியர்களைத் தேர்ந்து வைத்திருக்கிறார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒருவருக்கு முப்பதாயிரம் மேற்கோள்கள் (அவர் எழுத்தைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டிய தடவைகள்), மற்றவருக்கு ஆயிரத்து எண்ணூறு. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்க்கிற கண்ணோடு இந்த எண்ணைப் பார்க்காதீர்கள்.

ஹெர்பர்ட் சைமனை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் ஜில் லார்கினுடன் சேர்ந்து, ஒரு வரைபடம் ஏன் சில நேரங்களில் பக்கம் பக்கமான எழுத்தைவிட எளிதாகப் புரிகிறது என்று ஆராய்ந்து எழுதினார். தொடர்புள்ள தகவல்கள் படத்தில் அருகருகே அமைவதால் தேடும் வேலை குறைகிறது என்பது அதன் சாரம். இந்தத் துறைக்கு அடித்தளமான கட்டுரை அது. ஆனால் சைமன் 1978-லேயே பொருளாதார நோபல் பெற்றவர்; நிர்வாகம், முடிவெடுத்தல் பற்றிய அவருடைய எழுத்துகளுக்கு வந்த மேற்கோள்களும் அதே மொத்தத்தில்தான் சேர்கின்றன. எனவே மொத்தத்தை விட்டுவிட்டு, எந்தக் கட்டுரைக்கு எத்தனை என்று இறங்கிப் பாருங்கள்.

மேற்கோளுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெல் ஆய்வகத்தில் இருந்த வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெகில்லும் 1984-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விளக்கப்படங்களைக் காட்டி, "சிறிய பகுதி பெரியதில் எத்தனை சதவீதம்?" என்று ஆட்களிடம் கேட்டார்கள். ஒரே அளவுகோலில் இருக்கும் இடத்தை மனிதர்கள் ஓரளவு துல்லியமாகக் கணித்தார்கள். கோணத்தைக் கணிப்பதில் தடுமாறினார்கள். வட்ட விளக்கப்படத்தைவிடப் பட்டை விளக்கப்படம் நல்லது என்று இன்று சொல்வதற்கு இது முக்கியமான ஆதாரம். 2010-இல் ஜெஃப்ரி ஹீரும் மைக்கேல் போஸ்டாக்கும் இதையே இணையம் வழியாக ஆள் சேர்த்து மறுபடி சோதித்தார்கள். முடிவு பெரும்பாலும் பழையதை ஒட்டியே வந்தது. இப்படி ஒருவர் எடுத்துச் சோதித்துப் பார்க்கும் மேற்கோளும், முன்னுரையில் பத்துப் பெயர்களோடு போகிற போக்கில் சொல்லும் மேற்கோளும் கணக்கில் ஒன்றுதான். எனக்கு அவை ஒன்றல்ல.

எச்-இண்டெக்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவு அது. குறைந்தது இருபது மேற்கோள் பெற்ற கட்டுரைகள் இருபது இருந்தால் எண் இருபது. பொதுவாக அது ஏறுமே தவிர இறங்காது; ஓய்வு பெற்றவருக்கும் ஏறும். மூத்தவருக்கு அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

மகளை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். இருவரின் பட்டியலையும் ஆண்டு வரிசையில் மாற்றிக் கடைசி ஐந்து ஆண்டுகளை மட்டும் பார்க்கட்டும். இத்துறையில் பெரும்பாலும் மாணவர் பெயர் முதலிலும் நெறியாளர் பெயர் கடைசியிலும் வரும். ஒரே மாணவரின் பெயர் இரண்டு மூன்று கட்டுரைகளில் முதலில் வருகிறதா? அந்த மாணவர் படிப்பை முடித்து இப்போது எங்கே இருக்கிறார்? முப்பதாயிரக்காரரின் அண்மைக் கட்டுரைகளில் அவர் பெயர் பத்துப் பேருக்கு நடுவில் மட்டுமே தென்பட்டால், உங்கள் மகளுக்கு அவர் ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு என்று நீங்களே ஊகிக்கலாம். நானாக இருந்தால் அந்த மாணவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, நெறியாளர் வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் எடுப்பார் என்று கேட்பேன்.

"வெறும் மாநாட்டுக் கட்டுரைகள்தானே" என்று உறவினர் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம். ஹீர், போஸ்டாக் கட்டுரையே ஒரு மாநாட்டில் வந்ததுதான். தரவுக் காட்சிப்படுத்தலுக்கான ஐ.இ.இ.இ. விஸ் மாநாட்டின் முழுக் கட்டுரைகள் கடும் மதிப்பீட்டுக்குப் பிறகு ஆய்விதழிலேயே அச்சாகின்றன. உளவியல் பக்கம் மட்டும் ஆய்விதழுக்கே எடை கூடுதல்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய சிக்கல். தலைப்பெழுத்தோடு ஒரே பெயர் எழுதும் வழக்கத்தால், ஸ்காலரில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் கட்டுரை ஏறிவிடுவது உண்டு. ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்து, அடுத்ததில் அப்பா பெயர் முழுவதுமாக என்று எழுதினால் மேற்கோள்கள் இரண்டாகச் சிதறும். முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரைப் பார்த்து ஒரே வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும், கட்டணமில்லாத ஓர்கிட் எண்ணையும் மகள் பெற்றுக்கொள்ளட்டும்.