சின்னத்திரை கேள்வி – பதில்: அடுப்படியில் நின்ற நால்வர்

கேள்வி: ‘எதிர்நீச்சல்’ தொடரில் வரும் நான்கு மருமகள்களும் படித்தவர்கள். அப்படியிருந்தும் அந்த வீட்டின் மூத்த மகன் ஆதி குணசேகரனிடம் அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டிலேயே ஏன் இருந்தார்கள்? ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம்தான் வந்தது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கோபம் எனக்கும் வந்தது. 2022 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த அந்தத் தொடரைப் பெரும்பாலும் விடாமல் பார்த்தவள் நான். படித்த பெண்ணாகத் தேடிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து, வந்த பிறகு அவளை அடுப்படிக்குள் நிறுத்திவிடுவது குணசேகரனின் வழக்கம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்று மூவர் அப்படி நின்றுவிட்ட வீட்டுக்குத்தான் ஜனனி நான்காவதாக வருகிறாள். வாசற்கதவு திறந்தே இருக்கிறதே, போய்விட வேண்டியதுதானே என்று நாம் கேட்கிறோம். போனால் பிள்ளைகள் யாரிடம் வளர்வார்கள், பிறந்த வீட்டில் எத்தனை நாள் முகம் கோணாமல் சோறு போடுவார்கள், கையில் சொந்தமாக எவ்வளவு பணம் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காமல் எந்தப் பெண்ணும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. இயக்குநர் திருச்செல்வம் இதைப் புரிந்துகொண்டு எழுதியிருந்தார் என்பதே என் எண்ணம்.

ஆனால் என்னை அந்தத் தொடரோடு கட்டிப்போட்டது அந்த அடுப்படிதான். நந்தினி கரண்டியைப் பிடித்தபடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். ரேணுகா பதிலுக்குப் பதில் சொல்வாள். ஈஸ்வரி அளந்துதான் பேசுவாள். கூடத்திலிருந்து ஒரு குரல் உயர்ந்தால் பேச்சு அப்படியே அறுந்துபோய், ஒருத்தி மற்றவளின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் என் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறேன். என் அம்மாவும் சித்தியும் பதினோரு ஆண்டுகள் ஒரே கூட்டுக் குடும்பத்தில் ஓரகத்திகளாக வாழ்ந்தவர்கள். பாட்டி அம்மாவைத் திட்டத் தொடங்கினால் சித்தி ஒரு வார்த்தை பேசமாட்டார். அம்மாவின் கையிலிருந்து தோசைக்கரண்டியை மெல்ல வாங்கிக்கொண்டு, அடுத்த தோசையைத் தானே வார்க்கத் தொடங்குவார். அம்மா கொல்லைப்புறம் போய் முகம் கழுவிவிட்டு வருவதற்கான நேரத்தை அவர் அப்படித்தான் வாங்கித் தந்தார். ஓரகத்தி உறவை இந்த அளவுக்கு நெருங்கிச் சென்று காட்டிய தொடர் தமிழில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கேள்வி: குணசேகரனை ரசித்தவர்கள் ஏராளம். கொடுமைக்காரனை ரசிப்பது தவறில்லையா?
– வாசகர், சேலம்

பதில்: ரசிக்கப்பட்டது குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் நடிப்பு. “இந்தாம்மா ஏய்” என்று அவர் இழுத்த இழுப்பில், தன் வீட்டுப் பெரியப்பாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அடையாளம் கண்டுகொள்ளாதவர்கள் குறைவு. 2023 செப்டம்பர் 8 அன்று, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அவர் மறைந்தார். பின்னர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவர் நல்ல நடிகர்தான் என்றாலும், முந்தையவரின் அதட்டலுக்கு அந்த நான்கு பெண்களின் உடம்பு பழகியிருந்த விதம் புதியவரிடம் உடனே கூடிவரவில்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்று திரையில் ஒரு வரி போட்டுவிடலாம். எதிரில் நிற்பவர்களின் பயத்தைப் புதிதாகத்தான் வளர்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ‘பாக்கியலட்சுமி’ தொடரில் கோபியின் இரண்டாவது மனைவி ராதிகாவை வில்லி என்று சொல்லலாமா? மாமியார் ஈஸ்வரியைப் பற்றிய உங்கள் கருத்து என்ன?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ராதிகாவை வில்லி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாக்கியாவின் கணவர்தான் கோபி என்று தெரியாமலேயே பாக்கியாவோடு தோழியாகப் பழகியவள் அவள். இரண்டு பெண்களிடமும் பொய் சொன்னவர் கோபி ஒருவரே. அப்படியிருந்தும் தெருவில் பேச்சு வரும்போது ‘அந்த ராதிகா’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். கோபியை ‘பாவம், தடுமாறிட்டார்’ என்று முடிக்கிறோம். நம் வீடுகளிலும் இதே கணக்குதான் நடக்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஈஸ்வரியைப் பொறுத்தவரை, அந்தப் பாத்திரத்தின் உண்மை அதன் தடுமாற்றத்தில்தான் இருந்தது. மகன் செய்தது துரோகம் என்று அவருக்குத் தெரியும்; மருமகள் தன் சமையல் தொழிலுக்கு மாமியாரின் பெயரையே வைத்தவள் என்பதும் தெரியும். ஆனாலும் மகன் முகம் வாடி வாசலில் வந்து நின்றுவிட்டால், அந்தத் தாய்க்கு நியாயம் மறந்துவிடும். இதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. நான் திட்டமாட்டேன். ஐம்பது அறுபது ஆண்டுகளாக மகனை வைத்தே தன் இடத்தை அளந்துகொண்ட ஒரு பெண், ஒரே நாளில் அந்த அளவுகோலை எறிந்துவிட்டாள் என்று காட்டியிருந்தால்தான் அது பொய்யாகியிருக்கும். வங்காளத்தின் ‘ஸ்ரீமொயி’யைத் தழுவிய கதை இது; ஈஸ்வரியோ நம் ஊர் மாமியாராகவே இருந்தார்.

கேள்வி: ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தனம்போல ஓர் அண்ணி கிடைத்தால் கூட்டுக் குடும்பம் உடையாது அல்லவா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொழுந்தன்மார்களை வளர்ப்பதற்காகத் தனக்கென்று ஒரு பிள்ளை பெற்றுக்கொள்வதையே தள்ளிப்போட்டவள் தனம். அவள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அப்படி ஓர் அண்ணி வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், அந்த விலையைக் கொடுப்பது யார் என்று யோசிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தவள் மீனா. வசதியான வீட்டிலிருந்து வந்தவள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்னவள், சண்டை போட்டபடியே அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டவள்.

கேள்வி: இனி வரும் தொடர்களில் எந்த உறவைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: ஓரகத்தி என்றாலே கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பவள், பாலில் எதையோ கலப்பவள் என்று எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும். பாகம் பிரிந்து தனித்தனி வீடுகளுக்குப் போன பிறகு இரண்டு ஓரகத்திகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்க்க எனக்கு ஆசை. சொத்துத் தகராறில் என் அப்பாவும் சித்தப்பாவும் ஏழு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஏழு ஆண்டுகளும், இருவரும் வேலைக்குப் போன பிறகு, பகல் பதினொரு மணிக்குச் சித்தியிடமிருந்து தொலைபேசி வரும். “அக்கா, வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு போடுவீங்க?” என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். அந்தக் குழம்பை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்ததே சித்திதான்.