வியாழன் ஏன் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுகிறது?

கேள்வி: என்னிடம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது. குவியத் தூரம் 1200 மி.மீ. கண்ணை வைத்துப் பார்த்தால் வியாழனில் இரண்டு பட்டைகள் நன்றாகத் தெரிகின்றன. போனை ஐபீஸில் வைத்துப் படம் எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான் வருகிறது. நல்ல டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கினால் சரியாகுமா? கோளைத் தானாகப் பின்தொடரும் மோட்டார் தாங்கியும் கட்டாயம் வேண்டுமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்றால் தொலைநோக்கி தன் வேலையைச் செய்கிறது. படம் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று, போன் தானாகப் போடும் வெளிச்சக் கணக்கு. இன்னொன்று, நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. முதலாவதை இன்றிரவே சரிசெய்துவிடலாம். காற்றைச் சரிசெய்ய முடியாது, ஆனால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது.

முதலில் போன். திரை முழுக்கக் கருப்பு, நடுவில் ஒரு சின்ன வட்டம். போன் இதைப் பார்த்து இருட்டான காட்சி என்று முடிவுகட்டி வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. ஆனால் வியாழன் வெயிலில் நிற்கும் பொருள், அதற்கு அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை. திரையில் கோளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டைகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கலாமோ என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. போனைக் கையில் பிடிக்காமல், ஐபீஸோடு சேர்த்து இறுக்கும் பிடிப்பான் ஒன்றில் மாட்டுங்கள். ஃபோட்டோ எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள்.

ஏன் வீடியோ? திரையில் வியாழனைப் பெரிதாக வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அதன் விளிம்பையே பாருங்கள். கொதிக்கப்போகும் தண்ணீர் போல அது நெளிந்துகொண்டே இருக்கும். திடீரென்று கண் இமைக்கும் நேரம் எல்லாம் அடங்கி நிற்கும். பட்டையின் ஓரத்தில் ஒரு முடிச்சு, அதிலிருந்து பிரியும் ஒரு மெல்லிய இழை என்று அதுவரை காணாததெல்லாம் பளிச்சென்று தெரிந்து மறையும். நமக்கு வேண்டியது அந்தக் கணங்கள் மட்டும்தான்.

ஒரு டிகிரியை 3600 கூறு போட்டால் ஒரு கூறுக்கு ஆர்க் செகண்ட் என்று பெயர். உங்கள் 6 அங்குலக் கண்ணாடி சுமார் 0.8 ஆர்க் செகண்ட் நுணுக்கம்வரை பிரித்துக் காட்டக்கூடியது. சாதாரண இரவில் காற்று அதை 2 முதல் 4 ஆர்க் செகண்ட் அளவுக்குக் கலைத்துவிடும். ஒரே ஒரு ஃபோட்டோ எடுத்தால் அது நல்ல கணத்தில் விழுவது அதிர்ஷ்டம். ஆயிரக்கணக்கில் எடுத்தால் சில நிச்சயம் விழும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதை ஒளியியல் ஆய்வாளர் டேவிட் ஃப்ரைட் 1978இல் கணக்கிட்டுக் காட்டினார். தொலைநோக்கியின் விட்டம் கூடக் கூட அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும் என்பது அதில் வருவது. அந்த விதத்தில் 6 அங்குலம் நல்ல அளவு, பெரிய கருவி இல்லையே என்று ஏங்க வேண்டாம்.

வீடியோவிலிருந்து நல்ல ஃபிரேம்களைப் பொறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, சராசரி எடுக்கும் வேலையை ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற இலவச மென்பொருள் செய்கிறது. ஆயிரம் ஃபிரேம்களை அடுக்கினால் புள்ளிப் புள்ளியான இரைச்சல் ஏறக்குறைய 32 மடங்கு குறையும். கூர்மையாக்குவதற்கு இடம் கிடைப்பது அதனால்தான். தனி ஃபிரேமைக் கூர்மையாக்கினால் இரைச்சல்தான் கூர்மையாகும்.

இனி டிஎஸ்எல்ஆர். 1200 மி.மீ. குவியத் தூரத்தில் சென்சாரின் மேல் விழும் வியாழன் கால் மில்லிமீட்டர் அகலம்தான். அதற்காக 22 மி.மீ. அகலமுள்ள சென்சார் எதற்கு? கேமரா வாங்கும் நாள் வந்தால், யுஎஸ்பியில் கணினியோடு இணையும் சின்ன கோள் கேமராவை வாங்குங்கள். அது விநாடிக்கு 60, 100 ஃபிரேம்களைச் சுருக்காமல் அப்படியே பதிவுசெய்யும். போன் வீடியோவில் நுணுக்கத்தில் ஒரு பங்கைச் சுருக்கும் வேலையே தின்றுவிடுகிறது. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான எஃப் எண் (குவியத் தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது) கிடைக்கும். 2.9 மைக்ரான் பிக்சலுக்கு எஃப் 14.5. உங்களுடையது எஃப் 8, குவியத் தூரத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸை இரண்டு மடங்கில் போட்டால் எஃப் 16. பொருத்தம் சரி. வியாழன் சுமார் 180 பிக்சல் அகலத்தில் வரும். மூன்று, ஐந்து மடங்கு பார்லோ போட்டால் படம் பெரிதாகும், மங்கும், புதிதாக ஒன்றும் தெரியாது.

மோட்டார் இல்லாமல் எப்படி? வானம் விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. மேலே சொன்ன அமைப்பில், சென்சாரின் நீளப் பக்கத்தைக் கடக்க வியாழனுக்கு அரை நிமிடத்துக்கும் சற்று மேலே ஆகும். ஆகவே கோள் நகரும் திசையில் நீளப் பக்கம் இருக்கும்படி கேமராவைத் திருப்பிவையுங்கள். கோளைச் சட்டகத்துக்குக் கொஞ்சம் வெளியே நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். குழாய் ஆடி அடங்கும், கோள் தானாக உள்ளே வந்து நீந்திப் போகும். 5 மில்லி விநாடி எக்ஸ்போஷரில் இந்த நகர்வு 0.075 ஆர்க் செகண்ட்தான், படத்தில் தெரியவே தெரியாது. இப்படி நான்கு முறை எடுத்தால் போதும், பிப் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் இணைத்துக் கோளை நடுவில் நிறுத்திக் கொடுக்கும். கோளைத் தேடிப் பிடிக்க உதவும் ஃபைண்டரை மட்டும் துல்லியமாகப் பொருத்திவையுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கோளைத் தேடியே இரவு போய்விடும்.

நான்கு முறைக்கு மேல் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அதன் நடுப்பகுதியிலுள்ள ஒரு புள்ளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.24 ஆர்க் செகண்ட் நகரும். மூன்று நிமிடத்தில் உங்கள் கண்ணாடியின் எல்லையை அது தொட்டுவிடும், அதற்கு மேல் எடுத்தால் வியாழனின் பெரும் புயலான பெருஞ்சிவப்புப் புள்ளி படத்தில் இழுபடும். செவ்வாய்க்கு இந்த அவசரம் இல்லை, அது ஒரு சுற்று சுற்ற 24 மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

நான் அதிகம் வலியுறுத்துவது கருவி வாங்குவதை அல்ல, வெப்பத்தைத்தான். வீட்டுக்குள் இருந்த கண்ணாடியை வெளியே கொண்டுவந்ததும் அதன் மேல் மெல்லிய சூட்டுக் காற்று எழும்பிக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரமாவது வெளியே வைத்து ஆறவிடுங்கள். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையும் சுவரும் நள்ளிரவுவரை சூட்டைக் கக்கும். புல் தரை இருந்தால் அங்கே வையுங்கள், கூரைக்கு மேலாகக் கோளைப் பார்க்கும்படி நிற்காதீர்கள். கோள் வானில் நன்றாக ஏறும்வரை காத்திருங்கள். 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்றின் வழியாகப் பார்க்கிறீர்கள். ஒரு விளிம்பில் சிவப்பும் மறு விளிம்பில் நீலமும் தெரிவதும் இந்தத் தாழ்வான உயரத்தால்தான். நட்சத்திரங்கள் படபடவென்று மினுக்கும் இரவில் படம் எடுக்காமல் கண்ணாலேயே பார்த்து ரசியுங்கள். மெல்லிய பனிமூட்டத்தோடு அசைவற்ற இரவு வந்தால் விடாதீர்கள்.

கண்ணாடிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைக் கலைத்தால் வளையங்கள் வரும். அவை ஒரே மையத்தைச் சுற்றி இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கண்ணாடியைத் தாங்கும் திருகுகளைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஃபோகஸுக்கு வியாழனைப் பார்ப்பதைவிட அதன் நிலவுகளைப் பார்ப்பது எளிது, நிலவு எப்போது மிகச் சிறிதாகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே படம் குதிக்கிறதா? துணி மாட்டும் கிளிப் ஒன்றை அந்தத் திருகில் கவ்வவிட்டு, அதன் நுனியை விரலால் தள்ளுங்கள். நடுக்கம் நன்றாகக் குறைந்துவிடும்.

கடைசியாகக் கூர்மையாக்குவது. ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் கூர்மையைக் கூட்டும் வேவ்லெட் பட்டியை நகர்த்த நகர்த்த, மங்கலான படத்திலிருந்து பட்டைகள் எழுந்துவருவதைப் பார்ப்பது தனி சந்தோஷம். அங்கேதான் கை அத்துமீறும். விளிம்பை ஒட்டி உட்புறமாக இன்னொரு மெல்லிய கோடு, உரித்த தோல் போலத் தெரிய ஆரம்பித்தால் அது கோளில் இல்லாத ஒன்று. அந்தக் கோடு மறையும்வரை பின்னால் வாருங்கள். என் பழைய செவ்வாய்ப் படங்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு இருந்தது, பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன்.

மறுபடி செய்ய முடிந்தது மூல வீடியோக்கள் இருந்ததால்தான். ஆகவே நீங்களும் அழிக்காதீர்கள். ஒவ்வொன்றின் பெயரிலும் தேதியையும் உலகப் பொது நேரத்தையும் நிமிடத்தோடு எழுதுங்கள். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி என்ற பொழுதுபோக்கு வானியலாளர் வீட்டிலிருந்தே தன் தொலைநோக்கியில் வியாழனைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது, தென் துருவத்துக்கு அருகே ஒரு கரும்புள்ளியைக் கண்டார். ஏதோ ஒன்று வியாழனில் மோதிய வடு அது. அப்படி ஒரு புள்ளி உங்கள் வீடியோவிலும் விழுந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்பதாகத்தான் இருக்கும்.