ட்ரெஸ்டனில் ஒரு பகல்: ஸ்விங்கர் அரண்மனையை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பிராகிலிருந்து பெர்லினுக்கு ரயிலில் போகிறோம். வழியில் ட்ரெஸ்டனில் ஒரு பகல் இறங்கி, ஸ்விங்கர் அரண்மனையையும் அதன் அருங்காட்சியகங்களையும் பார்க்க ஆசை. எட்டு வயது மகளும் முழங்கால் வலியுள்ள அப்பாவும் உடன் வருகிறார்கள். எந்த நாள் நல்லது? எங்கே தொடங்கலாம்?

பதில்: முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள். ஸ்விங்கரின் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே இருக்கும் ரெசிடென்ஸ் அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இரண்டையும் ஒரே பகலில் பார்ப்பதானால் புதன் முதல் ஞாயிறுக்குள் ஒரு நாளாக ரயில் டிக்கெட் போடுங்கள். பெட்டிகளை ரயில் நிலையத்து லாக்கரிலேயே விட்டுவிடலாம். அங்கிருந்து நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம். அப்பாவுக்காக டிராம் பிடித்து போஸ்ட்பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஸ்விங்கர் எதிரிலேயே இருக்கும்.

அரண்மனை என்றதும் கட்டில், சிம்மாசனம், சாப்பாட்டுக் கூடம் எல்லாம் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஸ்விங்கரில் ராஜா குடியிருக்கவில்லை. கோட்டையின் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடைப்பட்ட நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். ட்ரெஸ்டனைத் தலைநகராகக் கொண்டு சாக்சனியை ஆண்ட ஆகஸ்டஸ் மன்னர் அங்கே ஆரஞ்சு மரங்களைக் குளிரிலிருந்து காக்கவும் விழா நடத்தவும் கட்டிய இடம் அது. பெப்பல்மான் கட்டடத்தை வகுத்தார், பெர்மோசர் சிலைகளைச் செதுக்கினார். 1719-இல் இளவரசரின் திருமண விழாவும் இங்கே நடந்தது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் இடிந்ததை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். சுவர்களில் தெரியும் கறுப்பெல்லாம் அந்தத் தீயின் கரி என்று எண்ண வேண்டாம். எல்பே ஆற்றுப் பக்கத்து மணற்கல் காற்றுபட்டால் நாளடைவில் கறுத்துவிடும். வெளிறிய கற்கள் பிற்பாடு மாற்றி வைத்தவை.

ஒரே டிக்கெட்டில் ஓவியக்கூடம், பீங்கான் கூடம், கணித-இயற்பியல் கூடம் மூன்றையும் பார்க்கலாம். 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். மூன்றுக்கும் வாசல் வேறு வேறு, நடுவில் பெரிய முற்றம். இதைக் கவனிக்காமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தே பலருக்குக் கால் ஓய்ந்துவிடுகிறது.

காலை 10 மணிக்குத் திறந்ததும் ஓவியக்கூடத்துக்குப் போங்கள். அதற்கு லிஃப்ட் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். நூறு படங்களைக் கடந்து போவதைவிட ஐந்தின் முன் நிற்பது மேல். ரஃபேலின் சிஸ்டைன் மடோனா முன் கூட்டம் சேருவதற்குள் நின்றுவிடுங்கள். உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல் என்பதால் நாலைந்து அடி பின்னால் நகர்ந்துதான் பார்க்க வேண்டும். கீழே கன்னத்தில் கைவைத்திருக்கும் இரண்டு குட்டித் தேவதைகளை மகளே கண்டுபிடித்துவிடுவாள். மேலே பச்சைத் திரையின் கம்பி பாரம் தாங்காமல் தொய்ந்திருப்பதை நீங்கள் காட்டுங்கள்.

பிறகு டச்சு ஓவியர் வெர்மீர். ஜன்னலோரம் கடிதம் படிக்கும் பெண்ணின் படம் 83 செ.மீ. உயரம்தான், அருகே போக வேண்டும். அவளுக்குப் பின்னால் ஒரு காலத்தில் வெறும் சுவர்தான் தெரிந்தது. அதற்கடியில் ஒரு மன்மதன் இருப்பதை 1979-இலேயே எக்ஸ்ரே காட்டியது. வெர்மீரே மனம் மாறி மறைத்துவிட்டார் என்றுதான் நம்பினார்கள். 2017-இல் தொடங்கிய சீரமைப்பில், அந்த மேற்பூச்சு அவர் இறந்த பிறகு வேறு யாரோ பூசியது என்று உறுதியானது. நுண்ணோக்கியின் கீழ் சின்னக் கத்தியால் அணு அணுவாகச் சுரண்டி, 2021-இல் மன்மதனை வெளிக்கொண்டுவந்தார்கள். பழைய புத்தகங்களில் இருக்கும் வெறுஞ்சுவர்ப் படத்தை போனில் சேமித்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவள் படிப்பது காதல் கடிதம் என்பது உறைக்கும்.

சாப்பாட்டுக்குப் பின் பீங்கான் கூடம். ஆகஸ்டஸுக்குப் பீங்கான் மேல் அப்படியொரு பித்து. 1717-இல் பிரஷ்ய மன்னருக்குத் தன் 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்து 151 பீங்கான் பொருள்களை வாங்கினார். ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் நீலவெள்ளைச் சாடிகள் அந்தப் பேரத்தில் வந்தவை. முற்றத்தில், பக்கத்து ஊரான மைசனின் பீங்கானால் செய்த 40 மணிகள் தொங்குகின்றன. கால் மணிக்கு ஒரு தரம் அவை ஒலிப்பதைக் கேளுங்கள். மாடி நடைபாதைக்குப் படியேற வேண்டும் என்பதால் அப்பா கீழேயே உட்காரட்டும். கணிதக் கூடத்தில் பழைய கடிகாரங்களும் கோளங்களும் இருக்கின்றன. நேரம் போதாவிட்டால் அதை விடலாம்.

இரண்டரை மணிக்குள் ரெசிடென்ஸ் அரண்மனைக்கு வந்துவிடுங்கள். இங்கே டிக்கெட் தனி. ‘பசுமைப் பெட்டகம்’ என்ற பொக்கிஷ அறைகள் இரண்டு உண்டு. கீழ்த்தளத்தில் இருப்பது பழையது. அதற்கு நேரம் குறித்த வேறொரு டிக்கெட் வேண்டும், புகைப்படம் எடுக்க முடியாது. மேல்தளத்தில் இருப்பது புதியது. பொது டிக்கெட்டிலேயே அடக்கம். ஒன்றுதான் முடியும் என்றால் புதியதற்கே போங்கள். இந்தியாவில் வெட்டியெடுத்த 41 கேரட் பச்சை வைரம் அங்கேதான் இருக்கிறது. அதே தளத்தில், டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை உழைத்துச் செய்த ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார். டிங்லிங்கர் டில்லியைக் கண்ணால் கண்டதில்லை. பயணக் கதைகளைப் படித்தே, விரலளவு மனிதர்கள் நூற்றுக்கும் மேலாகப் பொன்னிலும் எனாமலிலும் வார்த்து நிறுத்தியிருக்கிறார். அரைமணி நேரம் அதற்கென்றே ஒதுக்குங்கள். பரிசாக வரும் யானையைத் தேடும் வேலையை மகளிடம் விட்டுவிடுங்கள்.