குரசாவோ தனி நாடா, நெதர்லாந்தின் பகுதியா? அங்கே வேலை கிடைத்தால் ஐரோப்பாவுக்குப் போன மாதிரிதானா?

2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்குக் கரீபியக் கடல் தீவான குரசாவோ தகுதி பெற்ற பிறகு முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். நீங்கள் இரண்டாவதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு ஆஃபர் லெட்டரோ, ஏஜென்ட் கொடுத்த வாக்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். 2016 முதல் 2019 வரை அந்தத் தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாடில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கிளம்புவதற்கு முன் இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதைத் தனி நாடாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா என்ற நினைப்பே வேண்டாம்.

குழப்பம் வருவது பெயரால். 'நெதர்லாந்து' வேறு, 'நெதர்லாந்து ராஜ்யம்' வேறு. ராஜ்யத்துக்குள் நான்கு நாடுகள்: நெதர்லாந்து, அரூபா, குரசாவோ, சின்ட் மார்ட்டன். அரசர் ஒருவர், குடியுரிமை ஒன்று. பாதுகாப்பும் வெளியுறவும் ராஜ்யத்தின் பொறுப்பு. மற்றபடி குரசாவோவுக்கென்று பிரதமர் உண்டு, 21 பேர் கொண்ட நாடாளுமன்றம் உண்டு, குடியேற்றச் சட்டமும் பணமும் தனி. 1954-இல் எழுதிய ராஜ்ய சாசனம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அப்போது கரீபியக் கடலில் உள்ள ஆறு தீவுகளும் சேர்ந்து 'நெதர்லாந்து அண்டிலிஸ்' என்று இருந்தன. 1986-இல் அரூபா பிரிந்தது. 2010 அக்டோபர் 10-ஆம் தேதி அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள். குரசாவோவும் சின்ட் மார்ட்டனும் ராஜ்யத்துக்குள் தனி நாடுகள் ஆயின. பொனேர், சின்ட் யூஸ்டேஷியஸ், சபா மூன்றும் நெதர்லாந்தோடு நேரடியாகச் சேர்ந்து சிறப்பு நகராட்சிகள் ஆயின. அந்த மூன்றிலும் புழங்கும் பணம் யூரோ இல்லை, அமெரிக்க டாலர்.

சரி, இதையெல்லாம் நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன்.

சென்னையில் என்னை அனுப்பிவைத்த ஏஜென்ட், "எல்லாம் ஒரே ராஜ்யம்தான் தம்பி, அங்க கார்டு கிடைச்சா ஹாலந்துக்கு எப்ப வேணும்னாலும் போய் வரலாம்" என்றார். நம்பினேன். அக்கா நெதர்லாந்தில் ஐந்தோவனில் இருக்கிறாள். 2018-இல் அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்து மூன்று மாதம் கூட இருந்தார். அம்மாவை நான் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரத்தில் லீவு வாங்கி, டிக்கெட் போட்டேன். பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு கூட வாங்கி வைத்திருந்தேன்.

குரசாவோவின் ஹாட்டோ விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், குடியிருப்பு அட்டையைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "ஷெங்கன் விசா எங்கே?" என்றார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. அட்டையைக் காட்டி, "இது நெதர்லாந்து ராஜ்யம்தானே, நான் போவதும் நெதர்லாந்துக்குத்தானே" என்றேன். "இந்த அட்டை குரசாவோவில் தங்குவதற்கு. நாங்கள் ஷெங்கனில் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை" என்று பொறுமையாகவே சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர் அந்த ஊர்க்காரர், பிறந்ததிலிருந்து டச்சுக் குடியுரிமை உள்ளவர். சிவப்புப் பாஸ்போர்ட்டை நீட்டினார், ஒரு நிமிடத்தில் போய்விட்டார். விசாவுக்கு விண்ணப்பித்து அது கைக்கு வருவதற்குள் அம்மா தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருப்பார். அக்காவுக்கு போன் போட்டேன். அம்மா போனை வாங்கி, "பரவாயில்லப்பா, நீ சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டார். டிக்கெட் பணத்தில் பாதிக்கு மேல் போனது. அதை விடுங்கள்.

இதில் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்தக் கவுன்ட்டரில் என்னை அழைத்தது "மிஸ்டர் சுடலைமுத்து" என்று. அது என் அப்பா பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் என்பதை எந்த விண்ணப்பப் படிவமும் ஏற்பதில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஒரு தொல்லை, அப்பா பெயரைப் போட்டால் வேறொரு தொல்லை. மூன்று வருடம் அங்கே நான் இறந்துபோன என் அப்பாவின் பெயரில்தான் இருந்தேன். சம்பளச் சீட்டிலும் அவர் பெயர்தான் முன்னால் வரும். வெளிநாடு போகும் தமிழர்கள் எத்தனை லட்சம் பேர்? இதற்கு யாராவது ஒரு வழி செய்யக்கூடாதா?

மறுநாள் வேலைக்குத் திரும்பியபோது போர்மேன், லீவு எடுத்தவன் ஏன் வந்து நிற்கிறாய் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். 1969 மே 30-ஆம் தேதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர் போராட்டம் கலவரமாகி வில்லெம்ஸ்டாட் எரிந்ததைச் சிறுவனாக நேரில் பார்த்தவர். அன்று இரண்டு பேர் இறந்தார்கள், நெதர்லாந்திலிருந்து கடற்படை வீரர்கள் வந்து இறங்கினார்கள். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவரிடம் டச்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அந்த உரிமைகூட அரூபாக்காரர்கள் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2006-இல் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் வந்தது. ஆனால் தி ஹேக்கில் உள்ள டச்சு நாடாளுமன்றத்துக்கு அவரால் ஓட்டுப் போட முடியாது. ராஜ்ய விவகாரங்களை முடிவு செய்யும் அமைச்சரவை என்பது முழு டச்சு அமைச்சரவையோடு மூன்று தீவு நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒருவர், அவ்வளவுதான். பக்கத்துத் தீவான பொனேரில் இருப்பவர் அந்த நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடலாம், ஏனென்றால் அவர் நெதர்லாந்தின் நகராட்சியில் இருக்கிறார்.

"அப்படியானால் சுதந்திரம் வாங்கிவிட வேண்டியதுதானே" என்று கேட்டேன். எதிரே வெனிசுவேலா இருந்த திசையைக் கை காட்டினார். அறுபது, எழுபது கிலோமீட்டர்தான். அந்த வருடங்களில் அங்கிருந்து படகில் தப்பி வந்துகொண்டிருந்தார்கள். அப்புறம், அவர் மகள் ரோட்டர்டாமில் நர்ஸ். பாஸ்போர்ட் போனால் மகளைப் பார்க்க அவரும் என்னைப் போலக் கவுன்ட்டரில் நிற்க வேண்டும் என்றார்.

இதைப் படித்துவிட்டு 'காலனி ஆட்சிக்கு வக்காலத்து' என்று யாரும் கருத்தில் வந்து எழுத வேண்டாம். 1795-இல் அடிமைகளைத் திரட்டிப் போராடிய துலாவைக் கொன்றவர்கள் யார் என்று அந்தத் தீவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடிமை வணிகத்துக்கு டச்சு அரசு மன்னிப்புக் கேட்டது 2022 டிசம்பரில்தான். நான் சட்டம் படித்தவனும் இல்லை. அங்கே வாழ்ந்தவர் வாயால் கேட்டதையும் எனக்கு நடந்ததையும் சொல்கிறேன்.

உங்களிடம் வருகிறேன். கடிதத்தில் எந்தத் தீவின் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எந்தத் தீவானாலும் அங்கே தரும் அனுமதி அந்தத் தீவுப் பக்கத்துக்குத்தான், ஷெங்கன் விசா தனியாக வாங்க வேண்டும். சம்பளம் எந்தப் பணத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். நான் இருந்தபோது அண்டிலிஸ் கில்டர், ஒரு டாலருக்கு 1.79. 2025-இல் அதற்குப் பதிலாக கரீபியன் கில்டர் வந்துவிட்டது. 'ஐரோப்பா' என்று ஏஜென்ட் வாயிலிருந்து வந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மா எனக்காகக் கொண்டுவந்திருந்த கருப்பட்டியையும் பருப்புப் பொடியையும் அக்கா பார்சலில் அனுப்பினாள். அட்டைப்பெட்டி மேல் சுங்கப் படிவம் ஒட்டியிருந்தது, கடல் தாண்டி வேறு தேசத்துக்குப் போகும் பொருளுக்கு ஒட்டுவது போல. அனுப்பும் நாடு நெதர்லாந்து, பெறும் நாடு குரசாவோ என்று அக்கா கையெழுத்தில் எழுதியிருந்தது. பெறுபவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயர்.