எல்லோரும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால்

கேள்வி: பல மொழி மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் மொழி மனப்பான்மை பற்றி ஆய்வேடு செய்கிறேன். 'என் தாய்மொழியை மதிக்கிறேன்' என்ற வரிக்கு அநேகமாக எல்லோரும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்றே டிக் அடித்திருக்கிறார்கள். இதை வைத்து என்ன எழுதுவது?

பதில்: ஒன்றும் எழுத முடியாது. அந்த வரிக்கு 'இல்லை' போட யாருக்கு மனம் வரும்? கௌரவமான பதில் எது என்பது வாசிக்கும்போதே தெரிந்துவிட்டால் அந்த வரி எதையும் அளக்காது. 'நேற்று வகுப்பு முடிந்ததும் நண்பரிடம் எந்த மொழியில் பேசினீர்கள்?', 'நேர்காணலில் எந்த மொழி கைகொடுக்கும்?' என்று இறங்கிக் கேளுங்கள். மொழியின் மதிப்பு வேறு, நெருக்கம் வேறு. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். பாதி வரிகள் எதிர்மறையாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுபவர்கள் அதில் அகப்பட்டுவிடுவார்கள்.

உள்மனம் தெரிய வேண்டுமானால் குரல் சோதனை ஒரு நல்ல வழி. 1960இல் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் கனடாவின் மாண்ட்ரியலில் செய்தது இது. இருமொழியாளர் ஒருவரே ஒரு பத்தியைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் படிப்பார். கேட்பவர்கள் இரு வேறு ஆட்கள் என்று நினைத்து மதிப்பிடுவார்கள். அறிவு, நம்பகம், ஏன், உயரத்தில்கூட ஆங்கிலக் குரலுக்கே கூடுதல் மதிப்பு. பிரெஞ்சு பேசும் மாணவர்களும் அப்படித்தான் போட்டார்கள்!

நீங்கள் செய்வதானால், சர்ச்சையில்லாத ஒரு நிமிடப் பத்தி போதும். ஒரே ஆளின் இரு குரல்களுக்கு நடுவே வேறு இரண்டு மூன்று குரல்களைச் செருகுங்கள். ஒவ்வொரு பண்புக்கும் 7 புள்ளி அளவுகோல் வையுங்கள். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றி ஒலிக்கவிடுங்கள். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் காலை வாருவது படிப்பவரின் உச்சரிப்பு. ஒரு மொழியில் கொஞ்சம் தடுமாறினாலும் மாணவர்கள் மொழியை விட்டுவிட்டு அந்தத் தடுமாற்றத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். பதிவை அந்தந்த மொழிக்காரர் நாலைந்து பேரிடம் முதலில் போட்டுக் காட்டுங்கள். பொருத்தமான ஆள் கிடைக்காவிட்டால் மொழிக்கு மூன்று நான்கு பேரைப் படிக்கவைக்கலாம். மொழிக்கு ஒரே ஒருவர் என்றால் மொழிக்குப் பிடித்ததா குரலுக்குப் பிடித்ததா என்று பிரிக்கவே முடியாது.

கேள்வி: மொழி கலந்து பேசுவது தவறு என்று எழுதியவர்களே கலந்து பேசுகிறார்கள். பொய் சொல்கிறார்களா?

பதில்: இல்லை. தாளில் இருப்பது கருத்து, பேச்சில் இருப்பது பழக்கம். 1934இல் அமெரிக்கச் சமூகவியலாளர் லாபியர் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீனத் தம்பதியோடு 250க்கும் மேற்பட்ட அமெரிக்க விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'சீனர்களை ஏற்க மாட்டோம்' என்றார்கள். நீங்களும் கருத்தையும் பழக்கத்தையும் தனித்தனி அட்டவணையாகவே போடுங்கள்.