நடிக்காதவளை 'ஆஷாடபூதி' எனலாமா?

கேள்வி: என் நெருங்கிய தோழி எதற்கெடுத்தாலும் "நானா இருந்தா அப்படிச் செய்யவே மாட்டேன்" என்பாள். படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறேன் என்றபோதும், மெல்லச் சிரித்துக்கொண்டே அதையே சொன்னாள். இத்தனைக்கும், மாமியாரைப் பல வருஷமாகத் தன் கையாலேயே குளிப்பாட்டிவிடுகிறவள். ஆத்திரத்தில் "நீ ஒரு ஆஷாடபூதி" என்று கத்திவிட்டேன். பேச்சு நின்றுவிட்டது. நான் சொன்ன வார்த்தை தப்பா?

பதில்: ஆமாம் அம்மா, தப்புதான். பஞ்சதந்திரத்து ஆஷாடபூதி, சீடனாக நடித்துச் சந்நியாசியின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடியவன். வெளியே பக்தி, உள்ளே களவு. உங்கள் தோழி நடிக்கவில்லை. உடம்பு நோக உழைக்கிறவளை வேஷக்காரி என்றால் அவளுக்குச் சுருக்கென்று தைக்காதா?

உங்களுக்கு வலித்ததும் நிஜம். தான் செய்கிற நல்லதையே முழக்கோலாக்கி உங்களை அளந்துவிட்டாள். கிறிஸ்தவத் தமிழில் இதற்குச் 'சுயநீதி' என்று பெயர். பைபிளில் லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஒரு பரிசேயன், அதாவது மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடிக்கும் யூதப் பிரிவைச் சேர்ந்தவன், வருகிறான். வாரம் இரண்டு நாள் உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. அதெல்லாம் பொய் என்று கதை சொல்லவில்லை. ஆனால் பிரார்த்தனையின் நடுவே, அங்கு நின்ற வரி வசூலிப்பவனைக் காட்டி, "இவனைப்போல் நான் இல்லையே" என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறான். உபவாசத்தில் குறையில்லை, அந்த ஒப்பீட்டில்தான் எல்லாம் கெட்டது. வள்ளுவரும் 978ஆம் குறளில், பெருமை பணியும், சிறுமை 'தன்னை வியந்து' அணிந்துகொள்ளும் என்கிறார். 'தன்னை வியத்தல்', எவ்வளவு துல்லியம்! எனக்கு மிகவும் பிடித்த பிரயோகம் இது.

பேச்சு வழக்கில் "பெரிய உத்தமி", "யோக்கிய சிகாமணி" என்கிறோம். இரண்டிலும் 'நீ அப்படியொன்றும் இல்லை' என்ற குத்தல் ஒளிந்திருக்கிறது. 'தன்னை உசத்தியா நினைச்சுக்கிறா' என்பது அவ்வளவு குத்தாது, விஷயத்துக்கும் கிட்டே வருகிறது.

ஆனால் இந்தச் சொற்கள் உங்களுக்குப் புரிவதற்காக மட்டும். அவளிடம் எதையும் வீசாதீர்கள், 'சுயநீதி' உட்பட. முதலில் நீங்களே போன் செய்யுங்கள். "நான் சொன்ன வார்த்தை தப்பு, மன்னிச்சுக்கோ. ஆனா அன்னைக்கு நீ சொன்னதைக் கேட்டப்போ, அம்மாவை நான் கைவிட்டுட்டேன்னு நீ சொல்ற மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் பேசும்வரை காத்திருங்கள்.