பொது விடுதித் தாதி உளநலப் பிரிவுக்கு மாறலாமா?

ஐந்து வருடம் பொது விடுதியில் வேலை செய்துவிட்டு உளநலப் பிரிவுக்கு மாறலாமா, பயமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம். நானும் சத்திரசிகிச்சை விடுதியிலிருந்து மாறியவள்தான்.

2004 சுனாமி நேரம் மட்டக்களப்பில் தாதியர் பயிற்சியில் இருந்தேன். நாவலடி, கல்லடிப் பக்கம் இருந்து வந்தவர்களுக்கு மருந்து கட்டினோம், காயங்கள் ஆறின. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அடுத்த வருடமும் வந்துகொண்டே இருந்தா. ஒரு நாள் நெஞ்சு நோ, ஒரு நாள் தலையிடி. "சோதனையில ஒன்றும் இல்லை அம்மா" என்று நானும் திருப்பி அனுப்பினேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. பிறகு நான் உளநலப் பிரிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தது அவவை நினைத்துத்தான். "விசர் வாட்டுக்கா போறாய் புள்ள?" என்று பெரியம்மா அழுதா.

பயம் முதல் வாரத்தோடு போய்விடும். சத்திரசிகிச்சை விடுதியில் கை ஓயாது, இங்கே கண்ணும் காதும் ஓயாது. மாத்திரையை விழுங்கினாரா, கன்னத்துக்குள் ஒதுக்கினாரா என்று பார்க்க வேண்டும். குளோசபின் என்ற உளநோய் மருந்து இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை. இடையில் தொண்டை நோ, காய்ச்சல் வந்தால் தடிமன் என்று விடக்கூடாது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்து எடுப்பவருக்கு வயிற்றோட்டம் என்றால் கை நடுங்குகிறதா பாருங்கள். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். உங்கள் பொது விடுதி அனுபவம் இங்கேதான் கைகொடுக்கும்.

வாழைச்சேனைப் பக்கத் தம்பி ஒருவர் பத்து நாள் வாயே திறக்கவில்லை. பின்னேரங்களில் பக்கத்தில் கதிரையைப் போட்டு சும்மா இருப்பேன். பதினோராம் நாள், "மிஸ், ஆத்துல இறால் படுகுதாமா?" என்றார். சோற்றுப் பார்சலோடு வந்த தாய் கதவடியிலேயே நின்று அழுதா. வீட்டுக்குப் போனபிறகு ஒரு மாதம் அந்தத் தம்பி மருந்து ஊசி போட வரவில்லை. கோயிலில் நூல் கட்டக் கூட்டிப் போயிருந்தார்கள். நான் ஏசவில்லை. "நூலும் இருக்கட்டும், ஊசியையும் போடுவம் அம்மா" என்றேன். அதற்குப் பிறகு திகதி தவறவில்லை.

சரி, முதலில் தாதியருக்குப் பொறுப்பான மேற்றனிடம் ஒரு மாதம் அந்த விடுதியில் போடச் சொல்லிக் கேளுங்கள். பிடித்துப்போனால், அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தில் பயிற்சி கிடைக்கும்போது விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஒவ்வொரு நோயாளியிடமும் என்ன தொழில் என்று கேட்டு வையுங்கள். எனக்கு இறாலைப் பற்றித் தெரிந்திருந்தால் பத்து நாள் போயிருக்காது.